பால் கணக்கு காலண்டரும் என் இலக்குகளும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அம்மா அதில்தான் பால் கணக்கு எழுதுவார். தினம் ஒரு லிட்டர். பால் வந்த நாளுக்கு எதுவும் போடமாட்டார். வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. விருந்தாளி வந்து அரை லிட்டர் கூட வாங்கினால் கட்டத்தின் மூலையில் ½ என்று எழுதுவார். முப்பது நாள் மாதத்தில் இரண்டு பெருக்கல், மூன்று அரை என்றால் 29½ லிட்டர். பால்காரரும் அம்மாவும் நின்றபடியே கணக்கை முடித்துக்கொள்வார்கள். ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. (ஒரு தடவை வந்தது. அதற்குக் காரணம் நான்.)

நானோ கணக்கு எழுதியே பிழைப்பவன். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். ஆனால் என் சொந்த இலக்குகளை மட்டும் ஜனவரி 1ஆம் தேதி, ஓசியில் வந்த டைரியில், அழகான கையெழுத்தில் எழுதுவேன். பொங்கல் முடிவதற்குள் அந்த டைரி மளிகைச் சிட்டை எழுதப் போய்விடும். இப்படிப் பல வருடம் போன பிறகுதான் அம்மாவின் காலண்டரைச் சரியாகக் கவனித்தேன். அதிலிருந்து நான் உருவாக்கிக்கொண்ட முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்?

தேதிக் கட்டங்கள் பெரிதாக இருக்கும் மாதக் காலண்டர் ஒன்று, ஒரு பேனா, ஒரு வெள்ளைத்தாள், அரை மணி நேரம். தினமும் கிழிக்கும் காலண்டர் உதவாது. நேற்று செய்ததும் செய்யாததும் தாளோடு குப்பைக்குப் போய்விடும். செல்போன் செயலிகளையும் முயன்று பார்த்தேன். அவை பையில் இருக்கின்றன, காலண்டர் கண்முன்னால் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும். ஆனால் காலண்டர் தனியாக இருக்கட்டும், அடுப்படிக் காலண்டரில் கை வைக்காதீர்கள். ஏன் என்பது கடைசியில்.

முதல் படி: ஆசைகளைக் கொட்டுங்கள், இரண்டை மட்டும் எடுங்கள்

வெள்ளைத்தாளில் தோன்றுவதையெல்லாம் எழுதுங்கள். என் முதல் தாளில் பதினாலு இருந்தன. எடை குறைப்பது, தயங்காமல் இங்கிலீஷ் பேசுவது, வண்டிக் கடனை முடிப்பது, அக்கா மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராகத் தங்கம் போடுவது, கடை பாக்கியை வசூலிப்பது, இப்படி.

அதில் வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று எடுங்கள். எதை எடுப்பது என்று குழம்பினால், தேதி குறிக்கப்பட்டதை எடுங்கள். காதுகுத்துக்கு அக்கா வீட்டில் நாள் பார்த்துவிட்டார்கள், பத்து மாதம் இருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தும்போது வெறுங்கையோடு இருக்க முடியுமா? இங்கிலீஷ் காத்திருக்கும். மீதி பன்னிரண்டையும் தூக்கி எறிய வேண்டாம், தாளை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகி வையுங்கள்.

இரண்டாம் படி: பால்காரரும் ஒத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்

“பால் ஒழுங்காக வர வேண்டும்” என்று அம்மா எழுதியிருந்தால் மாதக் கடைசியில் தெருவே கூடியிருக்கும். வந்ததா, வரவில்லையா, எத்தனை லிட்டர் என்று எழுதுவதால்தான் எதிராளியும் தலையாட்டுகிறார். உங்கள் இலக்கையும் வெளி ஆள் ஒருவர் பார்த்து ‘முடிந்தது’ அல்லது ‘முடியவில்லை’ என்று சொல்லும்படி எழுத வேண்டும்.

“உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்பதை இப்படி மாற்றினேன்: “காலை 5:30க்கு மாரியம்மன் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று நடப்பேன், வாரம் 5 நாள்.” எங்கள் வீடு அனுப்பானடி என்பதால் குளம் பக்கம். இரண்டு சுற்றுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. வாரத்துக்கு 150 நிமிடம். பெரியவர்களுக்குக் குறைந்தது இவ்வளவு மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே அளவுதான்.

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் ‘ஸ்மார்ட்’ இலக்கு என்று ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர் 1981இல் ஒரு மேலாண்மை இதழில் எழுதியது. குறிப்பாக, அளக்கும்படியாக, காலக்கெடுவோடு இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரும். SMART என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் நடுவில் இருக்கும் ‘ஏ’வுக்கு ‘அடையக்கூடியது’ என்று இப்போது பலரும் பொருள் சொல்கிறார்கள். டோரன் எழுதியது ‘யார் பொறுப்பு என்று ஒப்படைக்கக்கூடியது’ என்பது. வேலை இடத்தில் இந்தப் பொருள்தான் உதவும், ஆறாம் படியில் பாருங்கள். ஒவ்வொரு இலக்கிலும் ஐந்தும் இருந்தே ஆக வேண்டும் என்று அவரே சொல்லவில்லை. ஆகவே எழுத்துக்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், பால்காரரை நினைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: உங்கள் கையில் இருப்பதைப் பிரித்தெடுங்கள்

இங்கேதான் நான் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீர் இலக்கை “பத்து மாதத்தில் அரைப் பவுன் தோடு” என்று எழுதினேன். அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? முதல் மூன்று மாதம் ‘செலவு போக மிச்சத்தை’ எடுத்து வைத்தேன். மிச்சம் என்ற ஒன்று வரவே இல்லை. நான்காம் மாதம் முறையை மாற்றினேன். சம்பளம் வரும் 5ஆம் தேதி, அன்றைக்கே வங்கியில் தொடர் வைப்புக்குப் போய்விடும்படி ஏற்பாடு செய்தேன். விட்ட மாதங்களையும் ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். காதுகுத்துக்கு 15 நாள் முன்பு 40,000 ரூபாய் கையில் இருந்தது. ஆனால் தங்கம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான்கு கிராமுக்குப் பதில் மூன்று கிராம் தோடுதான் வந்தது.

நான் தோற்றேனா? டைரிக் காலத்தில் என்றால் ஆமாம் என்று முகத்தைத் தொங்கப் போட்டிருப்பேன். தங்கத்தின் விலை என் கையில் இல்லை. மாதம் எவ்வளவு எடுத்து வைக்கிறேன் என்பது என் கையில் இருக்கிறது. காலண்டர் கட்டத்தில் எழுத வேண்டியது இரண்டாவதைத்தான். அரைப் பவுன் என்பதைக் காலண்டரின் மேல் ஓரத்தில், போக வேண்டிய திசை என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்து அக்கா மகனுக்கு முறை வருகிறது. இந்த முறை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விலையைப் பார்த்து, மாதத் தொகையைக் கூட்டுவதா, கிராமைக் குறைப்பதா என்று முடிவு செய்வதாக எழுதியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான் பகல் முழுக்க இருப்பான். “என்னப்பா இலக்கு?” என்று கேட்டேன். “வேலை வாங்கணும்ண்ணே” என்றான். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் வேலை கிடைப்பது அவன் கையில் மட்டுமா இருக்கிறது? உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். 200 வினா, 300 மதிப்பெண். அதில் 100 வினா தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற 100 வினாவைத் திருத்தவே மாட்டார்கள். அப்படியென்றால் முதல் இலக்கு தமிழ்ப் பகுதிதான். “மதியச் சாப்பாட்டுக்கு முன் பழைய வினாத்தாளில் 50 தமிழ் வினா, தவறியதைத் தனி நோட்டில்” என்று எழுதிக்கொண்டான். இதைச் செய்தானா இல்லையா என்பதைச் சாயங்காலம் அவனே சொல்லிவிடலாம்.

“என் கனவு ரொம்பப் பெரியது, கட்டத்தில் அடங்காது” என்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பது அவர் நோக்கம். இதைவிடப் பெரிய இலக்கு இருக்க முடியுமா? ஆனால் கண்புரை அறுவை சிகிச்சை எத்தனை செய்தோம் என்பது தினமும் எண்ணக்கூடியது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து அதிக விலையில் வந்தது குறுக்கே நின்றது. அந்த லென்ஸைக் குறைந்த விலையில் இங்கேயே செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. எது தடையோ அதுவே அவர்களுக்கு அடுத்த இலக்கு ஆகிவிட்டது. பெரிய கனவு வைத்திருப்பவர்கள் “இப்போது என்னை நிறுத்தி வைத்திருப்பது எது?” என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டத்தில் எழுத வேண்டியது அந்தப் பதிலில் கிடைக்கும்.

நான்காம் படி: நடக்காத நாட்களை முதலில் அடியுங்கள்

இலக்கு பற்றிய வெளிநாட்டுக் கட்டுரைகளில் எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்கும். மதுரையில் அப்படி ஒரு வருடத்தை நான் பார்த்ததில்லை. சித்திரையில் ஊர் மொத்தமும் தெருவில் நிற்கும். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம். ஐப்பசியில் ஜவுளிக் கடைக்காரன் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவான். தை மாதத் தெப்பத் திருவிழாவன்று நான் நடக்கும் குளக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. இதெல்லாம் தெரிந்தே “வருடம் முழுக்க வாரம் 5 நாள்” என்று எழுதினால் அது நமக்கு நாமே சொல்லும் பொய்.

ஆகவே மாதம் பிறப்பதற்கு முன்னால், செய்ய வேண்டியதை எழுதாமல், நடக்கவே நடக்காத நாட்களை அடியுங்கள். போன சித்திரைத் திருவிழா மாதத்துக்கு நான் போட்ட கணக்கு இது. மொத்தம் 30 நாள். ஞாயிறு 4 போக 26. திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று 4 நாள் போக 22. ஜிஎஸ்டி கணக்கு 11ஆம் தேதிக்கு ஒன்று, 20ஆம் தேதிக்கு ஒன்று. அந்த இரண்டுக்கும் முந்தைய இரவு கடையிலேயே நேரமாகிவிடும், மறுநாள் காலை எழ மாட்டேன். 20. ஒரு கல்யாணத்துக்குத் திருமங்கலம். ஆக 19.

பத்தொன்பதில் 15 நாள் நடந்தால் போதும் என்று எழுதினேன். 16 நடந்தேன். ‘வாரம் 5’ என்றே விட்டிருந்தால் அதே 16 எனக்குத் தோல்வியாகத் தெரிந்திருக்கும், அடுத்த மாதம் செருப்பையே தொட்டிருக்க மாட்டேன்.

இப்படி மாற்றிக்கொள்வது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் மாசி வீதிகளைப் பாருங்கள். மாசி மாதம் தேர் ஓடிய வீதி என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இப்போது தேர் ஓடுவது சித்திரையில். மாசி அறுவடைக் காலமாக இருந்ததால் தேர் இழுக்க ஆள் கிடைக்கவில்லை, திருமலை நாயக்கர் திருவிழாவையே சித்திரைக்கு மாற்றினார் என்று ஊரில் சொல்வார்கள். ராஜாவே தேதியை மாற்றிய ஊரில் நீங்களும் நானும் ஒரு நடைப்பயிற்சியை மாற்றினால் குறைந்துவிட மாட்டோம்.

ஐந்தாம் படி: “இப்படி ஆனால், அப்படிச் செய்வேன்”

அடிக்க முடியாத தடைகளும் உண்டு, மழை மாதிரி. அவற்றுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள். “காலையில் மழை பெய்தால், மொட்டை மாடிப் படிக்கட்டில் பத்து தடவை ஏறி இறங்குவேன்.” “சம்பளம் 5ஆம் தேதி வராவிட்டால், வந்த அன்றே வங்கிக்குப் போவேன்.” பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதை ஆராய்ந்து 1999இல் எழுதினார். எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள், வெறுமனே தீர்மானம் எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். காரணம் எளிது. அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. காலை 5:30 மணிக்கு யோசிக்கவிட்டால் நான் எந்தப் பக்கம் முடிவெடுப்பேன் என்று எனக்கே தெரியும்.

இரண்டு வரி போதும், இருபது எழுத வேண்டாம்.

ஆறாம் படி: வேலை இலக்கை முதலாளியோடு பேசி எழுதுங்கள்

வீட்டு இலக்கை நீங்களே முடிவு செய்யலாம். வேலை இலக்கு இரண்டு பேர் கணக்கு, பால் கணக்கு மாதிரியே.

“வசூலைக் கொஞ்சம் பாருப்பா” என்பார் எங்கள் அண்ணாச்சி.

“எந்த வசூல் அண்ணாச்சி?”

“எல்லாந்தான்.”

அந்த ‘எல்லாந்தா’னை வைத்துக்கொண்டு ஒரு வருடம் சுற்றினேன். யாருக்குப் போன் செய்தாலும் அது வேலைதான், யாருக்குச் செய்யாவிட்டாலும் அது குற்றம்தான். அப்புறம் ஒரு நாள் பாக்கிகளை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்தேன். 90 நாள் தாண்டியது 6 லட்சம். அதில் பெரும்பகுதி தேனி லைனில் ஐந்து கடைகளிடம் நின்றது. தாளை எடுத்துக்கொண்டு, மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

“இந்த அஞ்சு கடைதான் அண்ணாச்சி. ஆடி முடியறதுக்குள்ள பாதியாக்கிடலாம். ஆனா அதுவரைக்கும் புதுச் சரக்கு போடக் கூடாது.”

“போடலைன்னா வேற கடைக்குப் போயிருவானேப்பா?”

“பாக்கியக் குடுத்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். “மூணு கடைக்கு நிறுத்திக்கிறேன். ரெண்டு பேரு பழைய ஆளு, அவங்கள விட முடியாது” என்றார். சரி என்றேன். யார் எதைச் செய்வது என்றும் அங்கேயே முடிவானது. செவ்வாய்க்கிழமை லைனுக்குப் போகும் தம்பி நேரில் கேட்பார், அதற்கு முந்தைய நாள் ஐந்து கடைக்கும் போன் செய்வது என் வேலை, சரக்கை நிறுத்துவது அண்ணாச்சியின் வேலை. டோரன் சொன்ன ‘ஏ’ இதுதான். என் காலண்டரில் திங்கட்கிழமைக் கட்டத்தில் ‘5 போன்’ என்று மட்டும் இருந்தது. ஆடி முடிவில் 6 லட்சம் 3 லட்சத்து 40 ஆயிரமாக இறங்கியது. பாதியாகவில்லை. அண்ணாச்சியும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவர் சரக்கு போட்ட இரண்டு கடைகள்தான் மீதி என்று அவருக்கும் தெரியும்.

குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு வைப்பவர்கள் “முடிந்தவரை பார்” என்று விடப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதை எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இலேயே எழுதினார். பிறகு கேரி லேதமோடு சேர்ந்து பல ஆண்டு ஆராய்ந்தார். வேலை செய்பவர் அந்த இலக்கை மனதார ஏற்க வேண்டும், அதைச் செய்யும் திறன் இருக்க வேண்டும், நடுநடுவே நிலவரம் தெரிய வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதில் உண்டு. பல முதலாளிகள் ‘கடினமான’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் தீபாவளிக்கு விற்பனை இலக்கைத் திடீரென்று இரட்டிப்பாக்கினார்கள். பையன்கள் சாதித்துவிட்டார்கள். எப்படி? காசு கொடுக்கவே முடியாத கடைகளுக்கெல்லாம் கடனுக்குச் சரக்கை இறக்கினார்கள். தை மாதம் பாதிச் சரக்கு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. அந்த ரிட்டர்ன் பில்களை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. விற்பனைக்கு ஒரு எண் வைத்தால் வசூலுக்கும் ஒரு எண் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன்.

ஏழாம் படி: மாதக் கடைசியில் கணக்கை முடியுங்கள்

ஒரு நாள் விட்டுப்போனால் என்ன செய்வது? பெருக்கல் குறி போடுங்கள், அவ்வளவுதான். அம்மா பால் வராத நாளுக்காக அழுதது கிடையாது. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும், நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது.

மாதக் கடைசி இரவு பெருக்கல் குறிகளை எண்ணுங்கள். திட்டமிட்ட நாளில் பாதிக்கும் கீழே செய்திருந்தால் இலக்கைச் சிறிதாக்குங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து அப்படியே இருந்தால், அந்த ஆசை உண்மையில் உங்களுடையதுதானா, பக்கத்து வீட்டாருடையதா என்று யோசிக்கலாம். நான் இங்கிலீஷை இப்படித்தான் கைவிட்டேன். எல்லாம் நன்றாகப் போனால் பின்னால் செருகிய தாளை எடுத்து அடுத்த ஆசையைப் பாருங்கள். ஒரு விஷயம் மட்டும்: செய்யாத நாளைச் செய்ததாகக் காட்டாதீர்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் ஒரு மாதம் அப்படிச் செய்தேன். பேன்ட் இடுப்புக் கொக்கி ஒத்துழைக்கவில்லை.

காலண்டர் ஏன் தனியாக இருக்க வேண்டும்?

தொடங்கிய புதிதில் புதுக் காலண்டர் வாங்கச் சோம்பல்பட்டு, அடுப்படிக் காலண்டரிலேயே எழுதினேன். நடக்காத நாளுக்கு நானும் பெருக்கல் குறிதான் போட்டேன். அந்த மாதம் சளிக் காய்ச்சல், எட்டு நாள் நடக்கவில்லை. 1ஆம் தேதி பால்காரர் வாசலில் நின்று, “என்னம்மா, எட்டு நாளு பாலே ஊத்தலைன்னு காசப் புடிச்சிட்டீங்க?” என்று கேட்டார். அம்மா காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். தெரு வேடிக்கை பார்த்தது. நான் உள்ளே இருந்து வந்து, அது பால் இல்லை, என் நடை என்று விளக்குவதற்குள் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. எட்டு லிட்டர் காசை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே புதுக் காலண்டர் ஒன்று வாங்கிவந்து அலமாரிக் கதவில் மாட்டினேன்.